பெல் ஹவுசிங்கில் சொட்டுகிறது என்பதற்காகக் கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: முப்பது வயதைத் தாண்டிய பிக்கப், நான்கு வேக ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர ஓட்டமும் உண்டு. தினமும் ஓட்டினால் ஒன்றிரண்டு சொட்டோடு சரி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் மட்டும் அடியில் சிவப்பாக ஆயில் தேங்குகிறது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான பானின் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, பலன் இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங் என்ற கூட்டின் அடியில், சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு, "முன் சீல் போய்விட்டது, பெட்டியை இறக்கினால்தான் ஆகும்" என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது தவறாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே முன் சீலுக்கு, அதாவது பெட்டியின் எஞ்சின் பக்க முனையில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையத்துக்கு, எதிரான ஒரு சாட்சி இருக்கிறது: ஓடும்போது குறைவு, நிற்கும்போது அதிகம். கியர்பாக்ஸ் ஒழுகலில் சொட்டு எங்கே விழுகிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அது எப்போது விழுகிறது என்பதைப் பார்த்தால் பாதி வேலை குறையும், ஏனென்றால் ஆயில் கீழே விழுவதற்கு முன்னால் போல்ட் தலை, வார்ப்பு விளிம்பு, ஒயர் என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்திருக்கும், ஓடும் வண்டியில் காற்று வேறு அதைப் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும்.

நிற்கும்போது ஏன் அதிகமாக ஒழுக வேண்டும்? எஞ்சின் ஓடும்போது பம்ப் பானில் இருக்கும் ஆயிலை உறிஞ்சி டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), கூலர் (ஆயிலை ஆற்றும் பாகம்), உள்ளே இருக்கும் பாதைகள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருக்கிறது. அதனால் பானில் மட்டம் தாழ்வாக இருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் கொஞ்சம் உடனே இறங்கிவிடும், மீதி மெதுவாக இறங்கும். கன்வெர்ட்டருக்குள் மட்டும் சில லிட்டர் ஆயில் நிற்கிறது. பழைய பெட்டியில் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையம்), சீல் ரிங் எல்லாம் தேய்ந்து இடைவெளி கூடியிருப்பதால் இரண்டு மூன்று நாளில் அதில் நல்ல பங்கு பானுக்குத் திரும்பி வந்துவிடும். அப்போது மட்டம் பான் விளிம்பைத் தாண்டி மேலே ஏறி, ஓடும்போது ஆயில் தொடாத சில துவாரங்களைத் தொட்டு நிற்கும். கியர் லீவர் ஷாஃப்ட்டின் சீல், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் பெட்டிக்குள் இறங்கும் இடத்து ரப்பர், ஒயரிங் கனெக்டரின் ஓ ரிங் ஆகியவை அந்த வரிசை. நாட்கணக்கில் நிறுத்தினால் மட்டும் ஒழுகும் வண்டியில் நான் முதலில் கை வைப்பது இந்த மூன்றில்தான். இதற்கு ஒரு துணைச் சாட்சியும் உண்டு. நீண்ட நாள் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் கியர் போட்டதும் வண்டி உடனே இழுக்காமல் சில விநாடி யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது என்றால், கன்வெர்ட்டர் காலியாகிப் பானுக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, முதலில் அது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். சொட்டு விழும் இடத்தில் வெள்ளை அட்டை ஒன்றை இரவு முழுக்க விரித்து வைத்து, முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அதிலேயே பேனாவால் குறித்துவிடுங்கள். ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், புதிதாக இருந்தால் நல்ல சிவப்பு, வயதானால் பழுப்பு. எஞ்சின் ஆயில் தேன் நிறத்தில் தொடங்கிக் கறுப்பாகும். டிஃபரன்ஷியலில் ஊற்றும் கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் இருக்கும், ஒரு தடவை முகர்ந்தவருக்கு மறக்காது. சிவப்பு நிறக் கூலன்ட்டும் இருக்கிறது, அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள்: கூலன்ட் கரைந்துவிடும், ஏடிஎஃப் மேலே மிதந்து வானவில் காட்டும். இன்னொரு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏடிஎஃப்தான் ஊற்றியிருக்கும். நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸிலும் பல மாடல்களில் அதே சிவப்பு ஆயில்தான். ஸ்டீயரிங் பைப்பில் கசிந்து ஃபிரேம் வழியாகப் பின்னால் ஓடி வந்த ஆயிலுக்காகக் கியர்பாக்ஸ் பழி சுமப்பது அடிக்கடி நடக்கிற காரியம். ஸ்டீயரிங் டப்பாவின் மட்டத்தை இன்று குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

அடுத்தது மட்டம். ஒழுகுகிறது என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர், அதுவே ஒழுகலுக்குக் காரணமாகிவிடும். மட்டம் அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை மூச்சுத்துளை (பெட்டிக்குள் சூடேறும் காற்று வெளியேறும் சின்னத் துளை) வழியாகவும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் வெளியே வரும், பார்க்கிறவருக்குப் பெட்டியின் தலையிலிருந்தே ஒழுகுவது போல இருக்கும். டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான பிக்கப்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமதளத்தில், இருபது முப்பது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாக் கியரிலும் ஒரு சுற்று நகர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஜிஎம், ஃபோர்டு பெட்டிகளில் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் குடும்பத்தில் நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும், அந்தப் பெட்டி பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது என்பதால் அங்கே படிக்கும் அளவு பொய். "ஊற்று" கோட்டுக்கும் "நிறைவு" கோட்டுக்கும் நடுவே பொதுவாக அரை லிட்டர் சுமார்தான் இடைவெளி. ஒரு முழு டப்பாவைக் கவிழ்த்தால் அளவு தாண்டிவிடும்.

இப்போது முக்கியமான வேலை, யாருக்கும் பிடிக்காத வேலை: கழுவுவது. முப்பது வருட அழுக்கின் மேல் நின்றுகொண்டு புதுக் கசிவைத் தேட முடியாது, எல்லாமே ஈரமாகத்தான் தெரியும். வண்டி ஆறியிருக்க வேண்டும், சமதளமாக இருக்க வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும், தூக்கினால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் அடியில் போக வேண்டும். கிரீஸ் கரைக்கும் திரவத்தை அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, பெல் ஹவுசிங்கின் மேல் விளிம்பிலிருந்து பின் சீல் வரை, கூலர் பைப்புகள் ரேடியேட்டர் போய்ச் சேரும் வரை துடைத்து எடுங்கள். மேல் பக்கத்தைக் கழுவாமல் பானை மட்டும் பளபளப்பாக்குவது வீண், மேலே தங்கிய ஆயில் அடுத்த நாள் கீழே வந்து உங்களைக் குழப்பும். மூச்சுத்துளையிலும் கனெக்டரிலும் பிரஷர் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம்.

காய்ந்த பிறகு உடம்புக்குப் போடும் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள், சின்ன மாவு பிரஷ்ஷால் விசிறினாலும் போதும். வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடு ஒன்று தொடங்கும் இடம் கண்ணில் அறைந்தது போலத் தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயம் சின்னப் புட்டியில் கிடைக்கிறது, எண்ணெய்க்கானதா என்று பார்த்து வாங்கி டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றி, ஒரு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். குழாயில் ஊற்றும்போது வெளியே சிந்திவிட்டால் அதுவும் ஒளிரும், கவனம். எந்த வழியானாலும் தேட வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளி. அதற்குக் கீழேயும் பின்னேயும் இருப்பதெல்லாம் ஓடி வந்தது.

இனி நேர வரிசையில் பாருங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். முதலில் குளிர்ந்த எஞ்சினை ஓட விட்டு ஐந்து நிமிடம். எஞ்சின் ஓடினால்தான் வருகிறது என்றால் அழுத்தம் உள்ள இடங்கள்: கூலர் பைப், முன் சீல், பம்ப்பின் வெளி ஓ ரிங், செர்வோ (உள்ளே கியர் பட்டையை இறுக்கும் பிஸ்டன்) மூடி. அப்புறம் பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து உடனே. ஓட்டிய பிறகு மட்டும் வால்பக்கம் ஈரமானால் பின் சீல். அதன் பிறகு நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை, மூன்றாம் நாள் காலை. ரிவர்ஸில் உள்ளழுத்தம் மற்றக் கியர்களைவிட அதிகம் ஏறுவதால் சில கசிவு ரிவர்ஸ் போட்டால் மட்டும் முகம் காட்டும். ஆனால் எஞ்சின் ஓட, கியர் விழுந்திருக்க, வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. பக்கத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் அட்டை பார்த்துச் சொல்லட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களுடையது போலவே ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு இடத்தில் இரண்டு முறை பெட்டி இறங்கியிருந்தது, இரண்டு முறையும் முன் சீல் மாறியிருந்தது, சொட்டு மட்டும் அதே இடத்தில். பெல் ஹவுசிங்கின் அடியில் வலப்பக்க ஓரமாக விழுந்துகொண்டிருந்தது. கழுவிப் பவுடர் தூவிவிட்டு அன்று மாலை பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் காலையும் வெள்ளை கலையவில்லை. மூன்றாம் நாள் காலை சின்னக் கண்ணாடியை டிப்ஸ்டிக் குழாய் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குப் பின்னால் நீட்டினேன். குழாயைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம், அதன் அடி விளிம்பில் கடுகளவு ஒரு மணி. பார்த்துக்கொண்டே இருந்தேன், மிளகளவு ஆனது, உடைந்து பெட்டியின் பக்கவாட்டு விளிம்பைப் பிடித்து முன்னால் சரிந்து போய்ப் பெல் ஹவுசிங்கின் அடியில் தொங்கியது. வண்டி கொஞ்சம் மூக்கு தாழ்ந்து நின்றிருந்தது, அவ்வளவுதான் விஷயம். குழாயைப் பிடித்திருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, குழாயை மேலே உருவி, கல்லாக இறுகிப்போன ரப்பரை எடுத்துப் புதிதைப் போட்டேன். பெட்டியை அசைக்கவே இல்லை. அந்த ரப்பர் விரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்காக இரண்டு முறை கன்வெர்ட்டர் கழன்று மாட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

உங்கள் வண்டியிலும் இதே இடம்தான் என்று சொல்ல மாட்டேன். கியர் லீவர் ஷாஃப்ட் சீல் அதே அளவு சந்தேகத்துக்கு உரியது. லீவர் கேபிள் அல்லது கம்பி வந்து மாட்டும் கைப்பிடி பெட்டியின் பக்கவாட்டில், பான் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும், அதன் அடியில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே கசிந்தால் நேராகப் பான் விளிம்பின் மேல் வழிந்து, அந்த விளிம்பையே சுற்றி ஓடி, ஒரு மூலையில் சொட்டும். பார்க்கிறவர்கள் எல்லோரும் "பான் கேஸ்கெட்" என்பார்கள். நீங்கள் இரண்டு முறை மாற்றியதும் பலன் இல்லாமல் போனதற்கு இது ஒரு நல்ல காரணம். பல பெட்டிகளில் இந்தச் சீலைப் பெட்டி வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம், கைப்பிடியைக் கழற்றி, பழைய சீலை ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, ஆழமான சாக்கெட் ஒன்றை வைத்துப் புதிதைத் தட்டி இறக்குவார்கள். ஒயரிங் கனெக்டரில் கசிந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும், ஆயில் ஒயரின் உறைக்குள்ளேயே ஏறி வெகுதூரம் போகும். கனெக்டரைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎம்மின் 700ஆர்4 போன்ற பெட்டியாக இருந்தால் த்ராட்டில் கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துச் சீல், வலப்பக்கம் வட்டமாக இருக்கும் செர்வோ மூடி, இடப்பக்கம் பின்னால் இருக்கும் கவர்னர் (வண்டியின் வேகத்தை உணரும் பாகம்) மூடி ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எதற்கும் பெட்டியை இறக்கத் தேவையில்லை.

பான் கேஸ்கெட்டையும் முழுசாக விடுவிக்க முடியாது. இரண்டு முறை மாற்றியவர் எவ்வளவு இறுக்கினார் என்பதுதான் கேள்வி. இந்தப் போல்ட்டுகளுக்குத் தேவை மிகக் குறைந்த இறுக்கம், பல பெட்டிகளில் 10 முதல் 17 நியூட்டன் மீட்டருக்குள்தான், 4எல்60ஈ பெட்டிக்கு 11. ஒழுகுகிறதே என்று நீளமான ஸ்பானரை வைத்து முறுக்கினால் தகடு போல்ட்டைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேடாகிவிடும், அப்புறம் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் வழி இருக்கும். பானைக் கழற்றினால் விளிம்பில் ஒரு நேர்க்கோல் வைத்துப் பாருங்கள், குழிந்த இடங்களை மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தலாம். ரப்பரோ கார்க்கோ, காய்ந்த பரப்பில் எதுவும் பூசாமல் போடுவதே நல்லது. சிலிக்கோனை வாரிப் பூசினால் பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் ஃபில்டரை அடைக்கும். கடல்காற்றும் உப்பும் பட்ட வண்டியாக இருந்தால் பானிலேயே துருத்துளை இருக்கலாம், வெளியே பெயின்ட் மூடியிருப்பதால் தெரியாது.

கூலர் பைப்புகளை ரேடியேட்டர் வரை கையால் தடவிப் பாருங்கள். இரும்புக் குழாய் கிளாம்ப்புக்கு அடியில்தான் துருப்பிடிக்கும், எஞ்சின் பிராக்கெட்டில் உரசித் தேயும், ரப்பர் ஹோஸ் இரும்போடு கவ்வும் இடத்தில் வெடிக்கும். முன்னால் கசிந்த ஆயில் ஓட்டத்தில் பின்னால் பறந்து பெட்டி முழுக்கப் பூசிக்கொள்ளும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், எந்த ரப்பர் ஹோஸையும் வெட்டி மாட்டிவிடாமல் ஏடிஎஃப் வெப்பத்தைத் தாங்கும் கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். முனை விரியாத வழுக்குக் குழாயில் ஹோஸை மாட்டிக் கிளாம்ப் போட்டால் ஒருநாள் வழியில் கழன்று, சில நிமிடத்தில் பெட்டி காலியாகும். சூடான புகைக் குழாயில் ஏடிஎஃப் பட்டால் தீப்பிடிக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி மெக்கானிக் சொன்ன இடத்துக்கு வருவோம். பெல் ஹவுசிங்கின் அடியில் சின்னத் தகட்டு மூடி ஒன்று இருக்கும், நான்கைந்து போல்ட்தான், அதைக் கழற்றினால் எஞ்சினோடு கன்வெர்ட்டரைப் பிணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டும் கன்வெர்ட்டரும் தெரியும். இதைக் கழற்றிப் பார்க்காமல் முன் சீல் என்று ஒருவர் சொன்னால் அது ஊகம் மட்டுமே. ஃப்ளெக்ஸ் பிளேட்டின் எஞ்சின் பக்கம் நனைந்து, நிறம் பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சினின் பின் சீல், அல்லது அதற்கு மேலே வால்வ் கவரிலோ ஆயில் பிரஷர் சென்சாரிலோ கசிந்து எஞ்சினின் முதுகு வழியாக இறங்கியது. கன்வெர்ட்டரின் பின்பக்கம் சிவப்பாக நனைந்து, ஹவுசிங்கின் உள்சுவரில் விசிறி அடித்தது போல வட்டமாகத் தெளித்திருந்தால் அது முன் சீல், சுழலும் கழுத்தில் வெளியே வந்த ஆயில் அப்படித்தான் தெறிக்கும். தெளிப்பு இல்லாமல் பம்ப்பின் ஓரத்திலிருந்து கோடாக மட்டும் இறங்கியிருந்தால் பம்ப்பின் வெளி ஓ ரிங், கேஸ்கெட் அல்லது பம்ப் போல்ட்டின் வாஷர். கன்வெர்ட்டரின் உடம்பில் வெல்டிங்கில் விரிசல் விட்டாலும், வடிகால் போல்ட் உள்ள கன்வெர்ட்டராக இருந்து அது தளர்ந்தாலும் தெளிப்பு வரும், அப்போது ஈரம் கழுத்தை விட்டு வெளிவிளிம்புப் பக்கம் தொடங்கும். கன்வெர்ட்டர் முழுக்கக் காய்ந்திருந்து ஹவுசிங்கின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் நான் மேலே சொன்ன கதைதான். உங்கள் வண்டியில் இது பத்து நிமிட வேலை, இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர ஓட்டம் இருப்பதால் பின்பக்கம் உங்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேரும் இடத்தில் கேஸ்கெட்டும் உள்ளே ஒரு சீலும் உண்டு. உள்சீல் போனால் வெளியே சொட்டாமலே ஆயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்: கியர்பாக்ஸில் குறையும், டிரான்ஸ்ஃபர் கேஸில் அளவுத் துளையைத் திறந்தால் ஆயில் கொட்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்துச் சீல் கசிந்தால், சீலை மாற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டின் கழுத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, புதுச் சீல் சில வாரம்கூடத் தாங்காது. சறுக்கிப் போகும் கழுத்தின் முனையில் கிராஸ் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத் தகடு ஒன்று அடித்திருப்பார்கள், அது கசிந்தாலும் ஆயில் சுற்றிலும் பறந்து பின் சீல் போலவே நடிக்கும்.

சொட்டே காணோம், ஆனால் மட்டம் குறைகிறது என்ற நிலை வந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஜிஎம்மின் டிஎச்350, டிஎச்400, ஃபோர்டு சி6 போன்ற பழைய பெட்டியில் எஞ்சினோடு ஒரு சின்ன ஹோஸால் இணைந்த வேக்குவம் மாடுலேட்டர் இருக்கும், அதன் உள்சவ்வு கிழிந்தால் எஞ்சின் அந்தச் சின்ன ஹோஸ் வழியாக ஏடிஎஃப்பைக் குடித்து எரித்துவிடும், சைலன்சரில் வெண்புகை வரும். ஹோஸை உருவிப் பார்த்தால் உள்ளே சிவப்பு ஈரம் இருக்கும், பாகத்தை மாற்றினால் முடிந்தது. இரண்டாவது ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர். அது விரிசல் விட்டால் கூலன்ட்டும் ஏடிஎஃப்பும் கலந்து டிப்ஸ்டிக்கில் ரோஸ் மில்க் நிறத்தில் வரும். அப்படி வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், கூலன்ட் பட்ட கிளட்ச் தட்டுகளின் ஒட்டு விட்டுப்போகும், ஒவ்வொரு கிலோமீட்டரும் பெட்டியின் ஆயுளைத் தின்னும்.

மூச்சுத்துளையையும் மறக்க வேண்டாம். சேறோ குளவிக் கூடோ அதை அடைத்தால் சூடேறிய காற்று போக வழியில்லாமல் நல்ல சீல்களின் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். புதுச் சீல் போட்டும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் இதைக் கேட்பேன், பாதிப் பேருக்கு அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது.

ஒழுகல் நிறுத்தும் மருந்து ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும், வயதால் இறுகிய சீலில் சில மாதம் பலன் கிடைக்கலாம். தேய்ந்த புஷ், குழிந்த பான், துருத்துளை, தளர்ந்த போல்ட் எதையும் அது தொடாது. காரணம் தெரியும் வரை ஊற்றாதீர்கள், தடயத்தைக் கலைத்துவிடும். ஊற்றும் ஏடிஎஃப் எது என்பதிலும் கவனம் தேவை: டெக்ஸ்ரான், மெர்கான், ஏடிஎஃப்+4 எல்லாம் சிவப்புதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை, அல்லது அதற்கு மாற்று என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். அதுவரை ஓட்டலாமா என்றால், மட்டம் கோட்டுக்குள் இருக்கும்வரை ஓட்டலாம், வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள். பம்ப் சிணுங்கினாலோ, எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி நகராமல் வழுக்கினாலோ, ஆயில் புகைக் குழாயின் மேல் விழுந்தாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, கீழ் மூடியைக் கழற்றி, கன்வெர்ட்டருக்குப் பின்னால் சிவப்புத் தெளிப்பு உண்மையிலேயே இருக்கிறது, பக்கவாட்டுச் சீல்களில் பவுடர் வெள்ளையாகவே நிற்கிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி, இறக்கச் சொல்லுங்கள். ஆனால் சீலை மட்டும் மாற்றி மூடவிடாதீர்கள். பம்ப்பின் முன் புஷ் தேய்ந்திருக்கிறதா, கன்வெர்ட்டர் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா, எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிடிக்கும் இரண்டு டோவல் பின்களும் இருக்கின்றனவா, ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள், முன் சீல் திரும்பத் திரும்பப் போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான். பம்ப்பின் வெளி ஓ ரிங்கையும் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். திரும்ப ஏற்றும்போது கன்வெர்ட்டர் முழுக்க உள்ளே உட்கார வேண்டும், பெட்டியை எஞ்சினோடு இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை இழுத்து இறுக்கினால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.